ஆன்சியின் கால்சியக் கதவுகள்

எங்கள் பாலக்கரையில் யாருக்கு முட்டி வலித்தாலும் கேழ்வரகுக் கஞ்சி குடிக்கச் சொல்வார்கள். கால்சியம் குறைச்சலாம். நான் மறுத்துப் பேசுவதில்லை. கஞ்சி நல்லதுதானே, யார் வேண்டாம் என்றது?

என் மனைவி ஆன்சியும் குடித்தாள். அவளுடைய அண்ணன் டாக்டர் செபஸ்தியான் சொன்னார், குடித்தாள். அவர் மீது உங்கள் மருத்துவக் கவுன்சிலில் நான் கொடுத்த புகாரை விசாரிக்கத்தான் என்னை அழைத்திருக்கிறீர்கள். நோய் என்னவென்றே தெரியாமல் மாதக்கணக்கில் கால்சியம் மாத்திரை எழுதிக் கொடுத்து என் மனைவியைச் சாகவிட்டார் என்று எழுதியிருக்கிறேன். அதில் ஒரு வார்த்தைகூட மிகையில்லை.

செபஸ்தியான் எலும்பு டாக்டர். எடமலைப்பட்டி புதூரில் சொந்த ஆஸ்பத்திரி, வாசலில் ஆளுயரத்துக்கு அவர் படம். நான் கல்லூரியில் தவளையை அறுத்துக் காட்டி உடலியல் நடத்துகிறவன், முனைவர் பட்டம் வாங்கிய டாக்டர். குடும்ப விசேஷங்களில் என்னை யாருக்காவது அறிமுகப்படுத்தினால், "ரெஜிஸும் டாக்டர்தாங்க, தவளைக்கு மட்டும் பார்ப்பாரு" என்பார். பந்தியே சிரிக்கும். ஆன்சியும் சிரிப்பாள். நானும் சிரிப்பேன். அப்படித்தான் எங்கள் உறவு சுமுகமாகப் போய்க்கொண்டிருந்தது.

ஒரு ஞாயிறு, மாதா கோயிலில் பூசை நடுவில் எல்லோரோடும் முழந்தாளிட்ட ஆன்சியால் எழ முடியவில்லை. பெஞ்சைப் பிடித்து முயன்றாள், சரிந்து உட்கார்ந்தாள். மறுபடி மறுபடி முயன்று, கடைசியில் எழுந்தே விட்டாள். பின்வரிசைப் பெண்கள் வயசாகிவிட்டது என்று கிசுகிசுத்தார்கள். எனக்கோ வியப்பாக இருந்தது. சோர்ந்த உடம்புக்கு ஒவ்வொரு முயற்சியிலும் பலம் குறைய வேண்டும். இவளுக்குக் கூடியது. வீட்டுக்கு வந்ததும் என் இரண்டு விரல்களை இறுக்கிப் பிடிக்கச் சொன்னேன். முதலில் கைக்குழந்தை பிடிப்பதுபோல் இருந்தது. விடாமல் பிடிக்கச் சொன்னேன். மெல்ல மெல்ல இறுகியது.

வகுப்பில் சொல்வதுபோலவே சொல்கிறேன். நரம்பின் நுனியில் கால்சியம் நுழைவதற்குச் சிறு கதவுகள் உண்டு. மூளையின் உத்தரவு வந்து சேர்ந்ததும் அவை திறக்கும், கால்சியம் உள்ளே போகும். அது போனால்தான் தசையைச் சுருங்கச் சொல்லும் ரசாயனம் வெளியே வரும். தசையிலும் வேறு வகைக் கதவுகள் உண்டு. உங்கள் இதயமும் என் இதயமும் இப்போது துடிப்பது அவற்றின் தயவில்தான். ஆன்சியின் உடம்பு தன் நரம்புக் கதவுகளையே பகையென்று நினைத்துத் தாக்கிக்கொண்டிருந்தது. முதல் உத்தரவுக்குப் போதிய கால்சியம் நுழையாது. உத்தரவுகள் அடுத்தடுத்துப் போனால் உள்ளே கொஞ்சம் சேரும், சற்று நேரத்துக்குப் பலம் வரும். ரத்தத்தில் கால்சியத்துக்குக் குறைவே இல்லை. பூட்டிய வீட்டு வாசலில் பால் பாக்கெட்டுகளாக அடுக்கிக்கொண்டிருந்தார் செபஸ்தியான்.

இந்த நோய் வந்த பலருக்கு நுரையீரலில் ஒரு கட்டி ஒளிந்திருக்கும். சீக்கிரம் தேடினால் வைத்தியத்துக்கு வழி உண்டு. வீட்டில் புகைப்பவன் நான், கட்டி அவளுக்கு. உடம்பு இப்படித்தான், நியாயம் பார்ப்பதில்லை.

எனக்கு எப்போது தெரியும் என்று கேட்கிறீர்கள். அந்த ஞாயிறே, மதியச் சாப்பாட்டுக்கு முன்பே தெரியும்.

சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "அண்ணன்கிட்ட காமிச்சுக்கறேங்க, நீங்க உங்க தவளைக் கதைய ஆரம்பிக்காதீங்க" என்றாள். பட்டம் பெற்ற டாக்டரிடம் போகிறவளைத் தடுப்பது நாகரிகமா? செபஸ்தியான் பார்த்துவிட்டு எனக்கு ஃபோன் செய்தார். "கால்சியம் கம்மி, வேற ஒண்ணுமில்ல மாப்ள. மாத்திரைய மட்டும் மறக்காமக் குடுங்க" என்றார். நான் ஒரு நாளும் மறக்கவில்லை. என் கையாலேயே வெந்நீரோடு கொடுத்தேன். "எனக்குப் புரியலை, நீங்க சொல்லுங்க" என்று அவர் ஒரே ஒரு முறை கேட்டிருந்தால் எல்லாவற்றையும் சொல்லியிருப்பேன்.

மாலைகளில் அவள் கையைப் பிடித்துப் பார்ப்பேன். கரும்பலகையில் காலமெல்லாம் வரைந்து காட்டிய பாடம் என் விரல்களுக்குள் நடந்துகொண்டிருந்தது. மகிழ்ச்சியாக இருந்தது, மறைப்பானேன்? அவளோடு வேலை பார்த்த அமிர்தம் டீச்சரிடம் ஒருநாள் ஃபோனில், "இத்தனை வருஷம் கழிச்சு என் கையப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்காரு டீச்சர்" என்று வெட்கத்தோடு சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தச் சந்தோஷத்தைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை.

அந்த அமிர்தம் டீச்சர்தான் கடைசியில் எங்களை ஸ்ரீரங்கத்துக்கு அழைத்துப் போனார். நரம்பு டாக்டர் பானுமதி முழங்காலைத் தட்டிப் பார்த்தார், விரலை இறுக்கிப் பிடிக்கச் சொன்னார், உடனே நெஞ்சை ஸ்கேன் எடுக்கச் சொன்னார். கட்டி ஈரல்வரை பரவியிருந்தது. முடிவு தெரிந்து ஆட்டோவில் திரும்பும்போது, காவிரிப் பாலத்தின் மேல் ஆன்சி கேட்டாள்.

"அந்தம்மா செஞ்ச மாதிரியேதானே நீங்களும் தினம் பிடிச்சுப் பாத்தீங்க. உங்களுக்கு முன்னாடியே தெரியுமாங்க?"

"தெரியும். நீ கேக்கலையே" என்றேன்.

அதற்குப் பிறகு அவள் என்னிடம் எதையும் கேட்கவில்லை, தண்ணீர்கூட.

அடக்கத்தன்று கல்லறையில், ஊர் பார்க்க, செபஸ்தியான் என் தோளில் சாய்ந்து அழுதார். "எனக்குத் தெரியாமப் போச்சே மாப்ள" என்றார். அத்தனை மாதங்கள் நான் வாய்மூடிக் காத்திருந்தது அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான். அவரைத் தட்டிக்கொடுத்து ஆறுதல் சொன்னேன்.

இப்போது புகாரைத் திரும்பப் பெறுகிறேனா என்று கேட்கிறீர்கள். எதற்கு? அவருக்குத் தெரியவில்லை, அது குற்றம். எனக்குத்தான் எல்லாம் தெரிந்திருந்ததே, என்மேல் என்ன தவறு இருக்க முடியும்?