பழைய பாஸ்வேர்டே இருக்கட்டும்

இல்ல தம்பி, ஸ்பீடு, இடம் அதெல்லாம் நீங்க சொன்னா சரிதான். மூக்குக்கண்ணாடிக் கடை வெப்சைட்டுல அப்படி என்ன இருந்துடப் போகுது? நாலு ஃபிரேம் படம், போன் நம்பர், கடை தெறக்குற நேரம். காலையில வந்த இன்னொரு ஹோஸ்டிங் கம்பெனிக்காரரும் இதையேதான் கேட்டாரு, ஒரு நாளைக்கு எத்தனை பேரு பாப்பாங்கன்னு. கடைக்கே ஆளக் காணோம், சைட்டுக்கு எங்க வரும்?

எனக்கு வேண்டியது, சைட் படுக்கக் கூடாது. அப்புறம், உங்க கம்பெனிக்கு மாத்துறப்போ உள்ள போற பாஸ்வேர்டு பழசே இருக்கணும்.

மாத்துறதுதான் பாதுகாப்பா? இருக்கும். உக்காருங்க, சொல்றேன்.

இத செஞ்சது என் மக. காலேஜ் படிக்கிறப்போ, அந்தா, அந்த லென்ஸ் தேய்க்கிற மெஷின் பக்கத்துல உக்காந்து செஞ்சா. அப்புறம் கல்யாணப் பேச்சுல அவ ஒண்ணு சொல்ல, நான் ஒண்ணு சொல்ல, வீட்ட விட்டுப் போயிட்டா. நம்பர மாத்திட்டா. மெயில் போட்டா திரும்பி வந்துடுது. எந்த ஊருன்னே தெரியாது.

ஒருதடவை கணக்குப் பாக்குற பொண்ணு, ஞாயிறு விடுமுறைன்னு சைட்டுல போடப் போயி, சின்ன ரு போட்டுட்டா. கண்ணாடி விக்கிற கடை, எங்க ஒருத்தர் கண்ணுலயும் படல, சாயங்காலம் வந்த கஸ்டமர்தான் காட்டுனாரு. மறுநாள் திருத்தப் போனா, அது பெரிய று ஆயிருக்கு. நாங்க யாரும் தொடல. பாஸ்வேர்டு தெரிஞ்ச வேற ஆளு மக ஒருத்திதான்.

அதுலேருந்து என் வீட்டுக்காரிக்கு இதே வேலை. வேணும்னே எங்கயாவது ஒரு எழுத்தத் தப்பா மாத்தி வைப்பா. காலையில எழுந்ததும் போயிப் பாப்பா. திருத்தியிருந்தா அன்னிக்கு நல்லா சாப்பிடுவா. நல்லாதான் இருக்கான்னு தெரியுதில்ல, அது போதும்பா.

வீட்டுக்காரிக்கு நெஞ்சு வலி வந்தப்போதான் சைட் படுத்துடுச்சு. ஆஸ்பத்திரிலேருந்து கம்பெனிக்குப் போன் போட்டேன், சர்வர்ல வேலை நடக்குதுன்னாங்க. உடம்ப வீட்டுக்குக் கொண்டு வந்தப்புறமும் போட்டேன். அதேதான். மகளுக்குச் சேதி சொல்ல எங்களுக்கு வேற வழி கிடையாது. ஒரு நாள் வச்சிருந்து பாத்தோம். அதுக்கு மேல வேணாம்னு சொந்தக்காரங்க சொல்லிட்டாங்க. எடுத்துட்டோம்.

அப்புறம்தான் சைட் வந்துச்சு. கணக்குப் பொண்ணு அழுதுகிட்டே போட்டோவோட சேதியப் போட்டா. காலமானார்ல ரெண்டு சுழிக்குப் பதிலா மூணு சுழி. போட்டப்போ நான் அதக் கவனிக்கவே இல்ல, ராத்திரிதான் கண்ணுல பட்டுச்சு.

மறுநாள் காலையில பாத்தேன். ரெண்டு சுழி ஆயிருந்துச்சு.

அவ்ளோதான் தம்பி. போன்லாம் வரல. சொல்லுங்க, உங்ககிட்ட எந்தப் பிளான்ல சைட் படுக்காது?