புது ஸ்க்ரூவும் பழகின கையும்

டென்மார்க்கில் வேலை தேடி ரண்டர்ஸ் நகரத்துக்கு ரயிலில் போய்க்கொண்டிருந்தேன். கோல்டிங்கில் தொழிற்சாலை உடுப்போடு இரண்டு தமிழர் ஏறி எனக்கு எதிரே இருந்தார்கள். இளையவர் சொன்னார்:

"பிழை என்ர கையிலைதான் அண்ணை."

"புது ஸ்க்ரூ சரியில்லையெண்டெல்லோ போர்மன் சொல்லுறான்?"

"இரும்பு சீவுற மில்லிங் மெஷினிலை மேசையை நகர்த்திற பழைய ஸ்க்ரூ தேஞ்சு போயிருந்தது. கைபிடி அரைச் சுற்றுச் சும்மா சுத்தும், பிறகுதான் மேசை அசையும். பன்ரண்டு வருசமாக் கை அதுக்குப் பழகிட்டுது. புதுசு தொட்ட உடனை நகருது. கை பழையபடி அரைச் சுற்றுக் கூட்டிச் சுத்துது. மூண்டு துண்டு பழுதாப் போச்சு."

"அதைப் போர்மனிட்டைச் சொன்னீரோ?"

"எப்பிடிச் சொல்லுறது? அந்த மெஷின் எனக்கு மட்டுந்தான் அடங்கும் எண்டு பேர், அண்ணை."

"நல்ல பேர்தான். ஸ்க்ரூ மாத்தின போலந்துக்காரனை நாளைக்கு வேலையாலை நிப்பாட்டி வீட்டை அனுப்பப்போறாங்கள்."

அடுத்த ஸ்டேஷன் தாண்டியதும் இளையவர் போனை எடுத்து, டேனிஷில் மெதுவாகப் பேசினார். எனக்கு அந்த மொழி கொஞ்சம்தான் தெரியும். 'என் கை' என்று அவர் மூன்று முறை சொன்னது மட்டும் விளங்கியது.