மறுநாள் நடை

விழுந்த மனிதனை மீண்டும் நிமிர்ந்து நடக்கவைக்கும் வரத்தை ஆண்டவன் எலும்பு மருத்துவர்களிடம்தான் கொடுத்திருக்கிறான். வருடாவருடம் எங்கள் மருத்துவர் சங்கக் கூட்டத்தில் இப்படித்தான் பேசுவேன். வேலை என்னவோ தச்சு வேலைதான். ரம்பம், துளைக்கருவி, சுத்தியல்.

ஜேடர்பாளையத்திலிருந்து வந்த கண்ணாத்தாள் என்ற பாட்டிக்கு முழங்கால் மூட்டு மாற்றியபோது, உலோக மூட்டைத் தொடை எலும்பில் அடித்து இறக்கினேன். வயதான எலும்பு, பஞ்சாக இருந்தது. ஒரு தட்டு அதிகமாகிவிட்டது, எலும்பு விரிசல் விட்டது. இது நடப்பதுதான், குற்றமில்லை. திருகாணி போட்டு இறுக்கி, வீட்டாரிடம் சொல்லி, சில வாரம் கால் ஊன்றாமல் வைத்திருந்தால் கூடியிருக்கும்.

தியேட்டர் நர்ஸ் மைதிலி, "சார், சத்தம் வேற மாதிரி கேட்டுதுங்க" என்றாள்.

"சுத்தியல்னா சத்தம் வரத்தானே செய்யும்" என்றேன். தையல் போட்டேன்.

எங்கள் மருத்துவமனையில் 'மறுநாள் நடை' என்று ஒரு வழக்கம். ஆபரேஷனுக்கு மறுநாள் நோயாளிக்கு மாலை போட்டு, சொந்தக்காரர்கள் கைதட்ட, வராந்தாவில் நடக்கவைத்து வீடியோ எடுப்போம். கண்ணாத்தாள் படம் போட்ட ஃபிளக்ஸ் வாசலில் கட்டியாகிவிட்டது. அவர் நடப்பதைப் பார்க்க வர ஊர் ஆட்கள் வேனுக்குச் சொல்லிவிட்டார்கள். இனி ஒவ்வொருவருக்கும் யார் விளக்கிக்கொண்டிருப்பது? எனக்கு அலுப்பாக இருந்தது.

மறுநாள் கண்ணாத்தாள், "காலு தாங்காதுங்க சாமி, உள்ள என்னமோ நகருது" என்றார்.

"பயப்படாம ஊனுங்கம்மா."

ஊன்றினார். எலும்பு முழுதாகப் பிளந்தது. மாலையோடு விழுந்தார்.

"ராத்திரி தனியா எந்திரிச்சிருப்பாங்க" என்று அவர் மகன் அர்த்தநாரியிடம் சொன்னேன்.

"நான் எந்திரிக்கவே இல்லடா" என்று தரையில் கிடந்தபடி அழுதார் கண்ணாத்தாள்.

"ஏம்மா, டாக்டர் பொய்யா சொல்லுவாரு? ஊட்டுலயும் உனக்கு இதே அவசரந்தான்" என்றான் மகன்.

இரண்டாவது ஆபரேஷனிலும் கால் தேறவில்லை. போன முறை வந்தபோது சக்கர நாற்காலியிலிருந்தே கைகூப்பினார். "தூக்கத்துல எந்திரிச்சுட்டனோ என்னமோங்க. உங்க பேரைக் கெடுத்துப்போட்டனுங்க சாமி."

பரவாயில்லை என்று மன்னித்தேன்.

அந்த அம்மா கால் எப்படிப் போனது என்று நீங்கள் கேட்டதற்குப் பதில் இதுதான்: உடைத்தது நான், மறைத்தது நான், தெரிந்தே ஊன்றச் சொன்னதும் நான். வீடியோவில் அவர் விழுவதற்கு முந்தைய பகுதி நன்றாக வந்திருந்தது. வரவேற்பறை டிவியில் ஓடுகிறது.

எனக்கும் வலது முழங்கால் தேய்ந்துவிட்டது. ஆபரேஷன் செய்துகொள்ளவில்லை. தைலம் தேய்க்கிறேன்.