சிவப்புக்கும் மஞ்சளுக்கும் சம மதிப்பெண்

பழைய கார் வாங்கப் போகிறவர்கள் முதலில் டயரைத்தான் பார்க்க வேண்டும். பெயின்டைப் பார்த்து மயங்கிவிடுகிறவர்கள்தான் அதிகம். நான் பெயின்ட் கடையில் வேலை செய்கிறவள். பெயின்ட் எதையெல்லாம் மறைக்கும் என்று எனக்குத் தெரியும். அதனால் டயரிலிருந்து தொடங்கினேன். டயரோடு நிறுத்தியிருந்தால் இன்றைக்கு நீங்களும் நானும் இந்த அறையில் உட்கார்ந்திருக்க மாட்டோம் என்கிறீர்கள், மேடம். இருக்கலாம். நான் எதையும் அடித்துச் சொல்கிற ஆள் இல்லை.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். என் நாட்குறிப்பு உங்கள் மேசைமேல் இருக்கிறது. நான் தேதி மாற்றிச் சொன்னால் அதைப் பார்த்துத் திருத்திக்கொள்ளுங்கள்.

கடையில் என் வேலை வண்ணம் பொருத்துவது. வாடிக்கையாளர் சுவரிலிருந்து பெயர்த்த ஒரு சில்லைக் கொண்டுவருவார். அதே நிறத்தை நான் கலந்து தர வேண்டும். அவருடைய சில்லையும் நான் பூசிய அட்டையையும் ஜன்னல் வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பேன். வித்தியாசம் தெரிந்தால் ஒரு சொட்டு கூட்டுவேன். இன்னும் தெரிந்தால் இன்னொரு சொட்டு. நாலு வருடத்தில் நான் கலந்த ஒரு டப்பாகூடத் திரும்பி வந்ததில்லை.

ஆனால் எனக்கென்று ஒன்று வாங்கப் போனால் புத்தி தடுமாறிவிடும். நானும் அக்காவும் ஒரே வீட்டில் இருக்கிறோம். கார் வாங்கப் போகிறேன் என்றதும் அவள் சொன்னாள்: "ஒரு செருப்பு வாங்கப் போய் மூணு மாசம் பிஞ்ச செருப்போட நடந்தவடீ நீ. நீ கார் வாங்குறதுக்குள்ள உலகத்துல பெட்ரோலே தீர்ந்துடும்."

அவள் சொல்வதில் நியாயம் இருந்தது. அதனால்தான் மாலை வகுப்பில் சேர்ந்தேன். ஆய்வு முறை வகுப்பு. வாரம் மூன்று நாள், வேலை முடிந்து நேராகப் போவேன். பாடம் எடுத்த மிஸ் எங்களை நாட்குறிப்பு எழுதச் சொன்னார். முதல் வாரமே அவர் சொன்னதை நான் அதன் அட்டையில் ஒட்டிவைத்திருக்கிறேன், பாருங்கள்: "ரெண்டு பொருளை ஒப்பிடணும்னா, அந்த ரெண்டைத் தவிர மத்ததெல்லாம் ஒண்ணா இருக்கணும். இல்லேன்னா நீங்க எதை எதோட ஒப்பிடுறீங்கன்னு உங்களுக்கே தெரியாது." மிஸ்மேல் எந்தத் தவறும் இல்லை. அவர் வகுப்பில் உதாரணத்துக்கு வைத்திருந்த வெங்காயச் செடியை மனதில் வைத்துச் சொன்னார்.

என் சேமிப்புக்குள் இரண்டு ஸ்போர்ட்ஸ் கார்கள் அகப்பட்டன. சிவப்பு, இரண்டு கதவு, தரையோடு தரையாகப் படுத்திருக்கும். கிளப்பினால் தொண்டையைச் செருமிக்கொண்டு பேச ஆரம்பிக்கிற மாதிரி ஒரு சத்தம். அது மூக்குக்கண்ணாடிக் கடைக்காரருடையது. இன்னொன்று மஞ்சள். சின்ன வண்டி, குட்டை வால். திரும்ப வேண்டும் என்று நினைத்தாலே திரும்பிவிடும். அது லாண்டரி வைத்திருக்கும் அண்ணனுடையது. இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே விலை, ஒரே வயது. டயர் தேய்மானமும் ஒன்றுதான்.

லாண்டரி அண்ணன் நாள் முழுக்க நின்றுகொண்டே இஸ்திரி போடுகிறவர். அண்ணி மாசமாக இருந்தார். இரண்டு கதவு வண்டியில் கைக்குழந்தையை ஏற்றி இறக்க முடியாது என்று விற்க நினைத்தார். நான் மஞ்சள் காரைச் சுற்றிச் சுற்றி வருவதைப் பார்த்து, "என்ன தங்கச்சி, டாக்டர் நோயாளியப் பாக்குற மாதிரி பாக்குற. மூச்ச இழுத்து விடச் சொல்லட்டுமா?" என்பார். நல்ல மனிதர். கண்ணாடிக் கடைக்காரரும் நல்லவர்தான். எட்டாவது முறை போனபோது, "ஏம்மா, இன்னும் தெளிவாத் தெரியலையா? உள்ள வா, பவர் செக் பண்ணிடலாம்" என்றார். நாட்குறிப்பில் இரண்டு காருக்கும் வரிவரியாக மதிப்பெண் போட்டுவந்தேன்; இருவரும் நல்லவர்கள் என்பதால் 'விற்பவர்' என்ற வரியில் இருவருக்கும் ஐந்துக்கு ஐந்து போட்டேன்.

சிக்கல் ஒரு நசுங்கலில் ஆரம்பித்தது. சிவப்பின் இடது கதவில் உள்ளங்கை அளவுக்கு ஒரு நசுங்கல். எனக்கு மஞ்சள் பிடிக்கிற மாதிரி இருந்தது. மஞ்சள் பிடிக்கிறதா, நசுங்காத கதவு பிடிக்கிறதா? எனக்குத் தெரியவில்லை. நசுங்கலை நிமிர்த்த எனக்குத் தெரியாது. அதனால் அடுத்த ஞாயிறு மஞ்சளை ஓட்டிப் பார்க்க எடுத்துப்போனபோது, ஒரு கல்லைத் துண்டில் சுற்றி, டேப் வைத்து அளந்து, அதே இடத்தில் அதே அளவுக்கு நசுக்கினேன். யாரோ இடித்துவிட்டுப் போய்விட்டார்கள் என்று அண்ணனிடம் சொன்னேன். அவர் நொந்துகொண்டார். சிராய்ப்புக்கு நானே பெயின்ட் கலந்து பூசித் தந்தேன், காசு வாங்கவில்லை. ஆனால் சிவப்பின் நசுங்கலில் முன்பே யாரோ பூசியிருந்த பெயின்ட் ஒரு சாயல் கறுத்திருந்தது. மஞ்சளிலும் ஒரு சாயல் கறுக்கக் கலக்க வேண்டியதாயிற்று. நாலு வருடத்தில் முதன்முறையாக வேண்டுமென்றே நிறத்தைத் தப்பாகக் கலந்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் மனசு கேட்கவில்லை.

பிறகு மஞ்சளின் பின்சீட்டில் ஒரு கிழிசல் இருந்தது. சிவப்பிலும் கிழித்தேன். மஞ்சளுக்குள் சோப்புத்தூள் வாசம் அடித்தது. சிவப்பின் மிதியடிக்கடியில் சோப்புத்தூள் தூவினேன். சிவப்புக்குள் நாய் வாடையும் இருந்தது. கண்ணாடிக் கடைக்காரர் ஒரு நாய் வளர்த்தார். லாண்டரி அண்ணனிடம் நாய் இல்லை.

இதை நீங்கள் கட்டாயம் எழுதிக்கொள்ள வேண்டும், மேடம். ஒரு நாயை இல்லாமல் ஆக்குவது சுலபம். நான் அப்படிச் செய்யவில்லை. அதே உயரத்தில், அதே பழுப்பில் ஒரு நாயைத் தேடிப்பிடித்து லாண்டரி அண்ணனுக்குக் கொடுத்தேன். "எதுக்குத் தங்கச்சி இதெல்லாம்? நீ காரை வாங்க வந்தியா, எனக்கு நாய் குடுக்க வந்தியா?" என்று கேட்டார். ஆனால் அன்றே அது அவர் காலைச் சுற்ற ஆரம்பித்துவிட்டது. அவருக்கும் பிடித்துப்போயிற்று. எல்லோரும் கால்களைப் பற்றியே கேட்கிறார்கள். நாயைப் பற்றி யாருமே கேட்பதில்லை.

கால்களுக்கு வருகிறேன்.

கண்ணாடிக் கடைக்காரர் இரண்டு வருடத்துக்கு முன் கடை ஏணியிலிருந்து விழுந்தவர். அதில் எனக்குப் பங்கில்லை. இடது காலில் கம்பி வைத்திருந்தார்கள், கைத்தடியோடு நடப்பார். கிளட்ச் மிதிக்க முடியாது, அதனால்தான் விற்கிறார். ஒருநாள் அவர் சிவப்பின் கூரையைத் தடவிக்கொண்டே, "இனிமே இதை ஓட்ட நமக்குக் குடுத்து வைக்கலம்மா. ஓட்டத் தெரிஞ்ச கையில போய்ச் சேர்ந்தாப் போதும்" என்றார். அன்று வீட்டுக்கு வந்து பார்த்தால் சிவப்புக்கு நான்கு மதிப்பெண் கூடியிருந்தது. காருக்கா போட்டேன், அவர் காலுக்கா? நாட்குறிப்பில் அந்தக் கேள்வியைப் பதினோரு முறை எழுதியிருக்கிறேன்.

அந்தக் காலைச் சரிசெய்ய முடியுமா என்றுதான் முதலில் விசாரித்தேன். எலும்பு டாக்டரிடம் நேரம் வாங்கி, வரிசையில் உட்கார்ந்து, கேட்டேன். முடியாது என்றார். ஆக, இன்னொரு வழிதான் மிச்சம் இருந்தது.

லாண்டரிக்குப் பின்னால் துணி உலர்த்தும் மாடிக்கு ஒரு மரப்படி உண்டு. அண்ணன் எப்போதும் இடது காலை முதலில் வைத்துத்தான் ஏறுவார். நான்கு சாயங்காலம் எண்ணிப் பார்த்தேன். அப்படி ஏறினால் மூன்றாம் படியில் இடது கால் விழும். மூன்றாம் படியின் இரண்டு திருகாணிகளைத் தளர்த்தினேன். அன்று அவர் கூடையைத் தூக்கிக்கொண்டு வந்தபோது நாய் குறுக்கே புகுந்தது. அவர் தடுமாறி, வலது காலை முதலில் வைத்துவிட்டார்.

வலது கணுக்கால் முறிந்தது. அது என் தவறு, ஒத்துக்கொள்கிறேன். நாயின் பழக்கத்தை நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

ஆளுக்கு ஒரு கால்தானே, போதும் என்று விட்டுவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். நான் ஒன்றும் பிடிவாதக்காரி இல்லை. ஆனால் இடது கால் கிளட்ச். வலது கால் பிரேக்கும் ஆக்சிலரேட்டரும். கிளட்ச் மிதிக்க முடியாதவர்மேல் வருகிற இரக்கமும் பிரேக் பிடிக்க முடியாதவர்மேல் வருகிற இரக்கமும் ஒன்றா? மிஸ்ஸிடம் பொதுவாகக் கேட்டேன். "உதாரணம் சொல்லும்மா" என்றார். சொல்லவில்லை.

அண்ணன் மாவுக்கட்டோடு, கக்கத்தில் கட்டை வைத்துக்கொண்டு கடைக்கு வந்துகொண்டிருந்தார். இஸ்திரி மேசைக்கு முன்னால் ஒரு ஸ்டூல் போட்டிருந்தார். அந்தத் தரையில் எப்போதும் சோப்புத்தண்ணீர் இருக்கும். நான் செய்ததெல்லாம், கட்டையின் அடியில் மாட்டியிருந்த ரப்பரைக் கழற்றி என் பையில் போட்டுக்கொண்டதுதான். இடது முட்டி. இந்த முறை சரியான கால்.

இப்போது அவருக்கு இரண்டு, கண்ணாடிக் கடைக்காரருக்கு ஒன்று. மறுபடியும் சமமில்லை. நீங்களே சொல்லுங்கள், எனக்கு வேறு வழி இருந்ததா? கண்ணாடிக் கடைக்காரர் கைத்தடியைக் கல்லாப்பெட்டி ஓரம் சாய்த்துவைப்பார். பவர் செக் பண்ணச் சொல்லிப் போய், அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே லென்ஸ் எடுக்கப் போகிறபோதெல்லாம் என் பையிலிருந்த உப்புத்தாளால் அதன் நடுவில் ஒரே இடத்தில் தேய்ப்பேன். ஒரு வாரம் ஆயிற்று. என் கண்ணில் குறை ஒன்றுமில்லை என்று ஏழு முறை சொன்னார். எட்டாவது நாள் கடை வாசலில் தடி முறிந்தது. வலது தொடை எலும்பு. இடது காலில் கம்பி வேறு வளைந்துபோய், அதையும் சேர்த்துக் கட்டினார்கள்.

ஒரே ஆஸ்பத்திரி, எலும்பு வார்டு, அடுத்தடுத்த கட்டில். நான் ஏற்பாடு செய்யவில்லை, தானாக அமைந்தது. ஆளுக்கு நான்கு ஆப்பிள் வாங்கிப்போவேன், தராசில் நிறுத்துத்தான். முன்பின் தெரியாத இருவரும் இரண்டு நாளில் நண்பர்களாகிவிட்டார்கள்.

"உங்களுக்கு எப்படி சார்?"

"தடி முறிஞ்சுது. உங்களுக்கு?"

"எனக்குப் படி, அப்புறம் கட்டை. நாய் வந்த நேரம் சரியில்ல சார்."

"எங்கிட்டயும் ஒரு நாய் இருக்கு. அது வந்து ஏழு வருஷமாச்சு, அதைக் குறை சொல்ல முடியாது."

இரண்டு பேரும் சிரித்தார்கள். என்னைப் பார்த்ததும் அண்ணன், "வா தங்கச்சி. காரை நீயே எடுத்துட்டுப் போயிடு. காசுகூட வேணாம். மிதிக்கக் காலே இல்ல, வண்டி எதுக்கு?" என்றார். பக்கத்துக் கட்டிலிலிருந்து, "நானும் அதையேதாம்மா சொல்றேன். சாவி டிராயர்ல இருக்கு" என்றார் மற்றவர். அந்த நிலையிலும் இருவரும் ஒரே விலை சொன்னார்கள்.

அந்த வாரத்தில்தான் அண்ணிக்குக் குழந்தை பிறந்தது. கொண்டுவந்து காட்டினார்கள். அண்ணன் படுத்தபடியே கையை நீட்டி, "நின்னு தூக்கிக்க முடியலையே" என்று மட்டும் சொன்னார். கண்ணாடிக் கடைக்காரருக்குக் குழந்தை கிடையாது. நாட்குறிப்பில் 'குழந்தை' என்று ஒரு வரி போட்டிருக்கிறேன், எதிரே ஒன்றும் எழுதவில்லை. அதுபற்றி நான் எதுவும் செய்யவில்லை. யோசிக்கவே இல்லை என்று சொன்னால் அது பொய்.

கூட்டிப் பார்த்தேன். சிவப்பு எழுபத்தொன்று, மஞ்சள் எழுபத்தொன்று. ஒரே ஒரு வரி பாக்கி: வலி. பத்துக்கு எவ்வளவு என்று இருவரிடமும் கேட்டேன். அண்ணன் எட்டு என்றார். கண்ணாடிக் கடைக்காரர் ஏழு என்றார். அவர் காலை இழுத்துக் கட்டி, கட்டில் முனையில் எடை தொங்கவிட்டிருந்தார்கள். எடைகள் பக்கத்து அலமாரியில் இருந்தன. நான் ஒன்றை எடுத்துக் கூட்டினேன். பெயின்டில் ஒரு சொட்டு கூட்டுவது போலத்தான். அவர் அலறிய பிறகு, "இப்ப எவ்வளவு சார்?" என்று கேட்டுக்கொண்டிருந்தபோது நர்ஸ் வந்து என் கையைப் பிடித்தார்.

இவ்வளவுதான். கதவு, சீட், படி, கட்டை, தடி, எடை. எல்லாம் நான்தான் செய்தேன். கையெழுத்துப் போடுகிறேன். இருவரில் ஒருவரைக்கூட மற்றவரைவிட அதிகமாக நான் துன்புறுத்தவில்லை என்பதை மட்டும் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். நேற்று அக்கா வந்தபோது அவளிடமும் அதைத்தான் சொன்னேன். அவள் வழக்கம்போல் கிண்டல் செய்யவில்லை. "எதுடீ கடைசியில? எதை வாங்கலாம்னு இருந்த?" என்று மட்டும் கேட்டாள். தெரியவில்லை என்றேன். உண்மையிலேயே தெரியவில்லை.

நீங்கள் ஏன் நாட்குறிப்பின் முதல் பக்கத்தைத் திருப்பி என் பக்கம் நகர்த்துகிறீர்கள் என்று புரிகிறது. ஆமாம், அது என் கையெழுத்துதான். இரண்டு காரையும் முதன்முதலாக ஓட்டிப் பார்த்த அன்று எழுதியது. 'மஞ்சள். வளைவில் திரும்பும்போது என்னை அறியாமல் சத்தமாகச் சிரித்துவிட்டேன். மஞ்சள்தான்.'

அதை நீங்கள் கணக்கில் எடுத்துக்கொள்ளக் கூடாது, மேடம். அது முறை தொடங்குவதற்கு முந்தைய பக்கம். அதில் அளவு இல்லை, மதிப்பெண் இல்லை, வெறும் சந்தோஷம்தான் இருக்கிறது. அதை நம்பி யாராவது கார் வாங்குவார்களா?