சோலார் வந்துச்சு, துணிக்கொடி போச்சு

— நிறுத்துங்க. "சோலார் போட்டதுல இருந்து எங்க வீட்டுல கரண்ட் செலவு பாதியாயிடுச்சு"ன்னு எந்த வாயால சொல்றீங்க?

— இந்த வாயாலதான். இங்க பாரு, நான் இந்த பில்டிங்குக்கு செகரெட்டரி. சோதனைக்குன்னு நம்ம வீட்டுக்கு மட்டும் பேனல் போட்டோம். எல்லா வீட்டுக்கும் போடலாமான்னு நாளைக்கு மீட்டிங்ல கை தூக்கப் போறாங்க. என் பேச்சுலதான் எல்லாம் இருக்கு.

— நீங்க அளந்து விட்டதக் கேட்டு போடுவாங்க. அப்புறம் நம்ம வீடு மாதிரியே அங்கயும் பில்லு எறங்கலன்னா உங்களத் திட்ட மாட்டாங்க, சோலாரைத்தான் திட்டுவாங்க.

— ஏன், பேனல் நல்லாத்தானே வேலை செய்யுது?

— அது பாவம், மாடா உழைக்குது. நீங்கதான் சும்மா இல்ல. பேனல் வந்த கையோட ஹால்ல ஒரு ஏசி.

— இங்க பாரு, சூரியன் சும்மா குடுக்குது...

— உங்க மாமனாரு பாருங்க, கேக்காமலே குடுக்கறதுக்கு. சரி, இதுக்கு முன்னாடி துணி எங்க காஞ்சுது?

— மாடியில. கொடியில.

— இப்ப?

— கொடி நிழல் பேனல் மேல விழுதுன்னு அவுத்துட்டேன். அதுக்குத்தான் டிரையர் வாங்கிக் குடுத்தேன்ல, மகாராணி மாதிரி இருன்னு.

— அதாவது, வெயில்ல தானா காஞ்ச துணிய, இப்ப வெயில புடிச்சு, கரண்டாக்கி, ஒயர்ல கீழ எறக்கி, மிஷின்ல சூடாக்கி காயவைக்கிறோம்.

— நீ சொல்ற மாதிரி சொன்னா கொஞ்சம் ஒரு மாதிரியாத்தான் இருக்கு.

— அதுவும் எப்ப? நான் ஆஸ்பத்திரி டூட்டி முடிஞ்சு வந்து, பொழுது சாஞ்சப்புறம். அந்நேரம் கரண்ட் எங்க இருந்து வருது?

— லைன்ல இருந்து.

— லைனுக்கு?

— எங்கயோ கரிய எரிச்சுத்தான். போதும் தாயே, போலீஸ் ஸ்டேஷன் மாதிரி குடையாத.

— கரி எரியறது குறையணும், பூமி சூடாகறது குறையணும்னுதானே பேனல் போட்டோம். அதுல தப்பே இல்லைங்க. போட்டுட்டு நாம போட்ட ஆட்டம்தான் தப்பு. இதையே மீட்டிங்ல சொல்லுங்களேன்.

— சொன்னா ஒரு கை கூட மேல வராது.

— பொய் சொல்லி வாங்கின கை எத்தனை நாளைக்கு மேலயே நிக்கும்?

— சரி சரி. இது நமக்குள்ளயே இருக்கட்டும். நீ உள்ள போ, நான் மறுபடி மொதல்ல இருந்து பேசறேன்.

— எதுக்கு? நான் வந்தப்போ பில்டிங் குரூப்புக்கு வாய்ஸ் மெசேஜ் பேசிட்டிருந்தீங்களே, அத நீங்க நிறுத்தவே இல்ல. இந்தா பாருங்க, இன்னும் ஓடிட்டிருக்கு.

— ஐயையோ. போனக் குடு. அழிச்சுடு.

— இருங்க, ஒரே நிமிஷம். குரூப்புல இருக்கற எல்லாருக்கும் வணக்கம், செகரெட்டரி வீட்டம்மா பேசறேன். முழுசா கேட்டீங்கள்ல? எங்க குட்டு வெளிய வந்தாச்சு, இப்ப உங்க முறை. பேனல் வந்தா கரண்ட் சும்மாதானேன்னு, புதுசா என்ன வாங்கலாம்னு மனசுல வெச்சிருந்தீங்க? கட்டை விரல மட்டும் காட்டிட்டு நழுவாதீங்க, உண்மைய பதிலா போடுங்க.