இருநூற்றிப் பதினாலாம் உறை

யன்னலைத் திறக்க வேண்டாம், மிஸ். துறைமுகத்துக் காத்து உப்புக் காத்து, கடதாசியை நாலு நாளில நமுக்க வச்சிடும். வேர்த்தால் அந்த மட்டையை எடுத்து விசுக்குங்கோ. இருபத்தெட்டு வருசமா நான் இந்த அறையில அப்பிடித்தான் இருக்கிறன்.

பயிர் நோய் ஆராய்ச்சியின்ட சரித்திரம் எழுத எண்டு கொழும்பிலயிருந்து வந்தியள். மூண்டு நாளில ஆயிரம் உறைக்கு மேல புரட்டியிருக்கிறியள். இருநூற்றிப் பதினாலாம் உறையில இலக்கமும் திகதியும் ஒரு மையில, கீழ் மூண்டு வரியும் வேற மையில இருக்கு எண்டு கண்டுபிடிச்சது நீங்கள்தான். பத்தொன்பது வருசமா எத்தினை ஒபிசர்மார் வந்து போயிட்டினம், ஒருத்தரும் காணேல்ல. கெட்டிக்காரி. ஏன் அப்பிடி எண்டு கேட்டனீங்கள். சொல்லுறன், இருங்கோ.

எங்கட கந்தோர் வேலை என்னெண்டால், கப்பலில வாற ஆக்கள் கொண்டு வாற செடி கொடி எல்லாத்தையும் பறிச்சு, பின்னால இருக்கிற தகரப் பீப்பாவில போட்டு எரிக்கிறது. இந்தப் பக்கத்துப் பயிருக்குப் புதுசா ஒரு நோய் வந்தால் அந்த இலையைக் காயவச்சு உறையில போட்டு, இலக்கம், திகதி, பயிர், இடம், கொண்டு வந்தவர் எண்டு எழுதி வைக்கிறது. ஒரு நோய்க்கு எந்த உறை முதல் உறையோ, அந்த உறையில இருக்கிற இடம்தான் நோய் தொடங்கின இடம். அதுதான் சட்டம் மாதிரி. எழுத்து என்ட கையில இருந்தது. என்ட எழுத்தில பிழை பிடிச்ச ஆள் இல்லை, அதில எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது எண்டு வையுங்கோ.

ஐம்பத்தெட்டில ஒரு கப்பல்காரனிட்ட இருந்து ஒரு தோடங்கன்று, ஒரேஞ்சுக் கன்று, பறிச்சம். சின்னச் சட்டியில, ஒரு முழ உயரம். அதில நாலு பூப் பூத்திருந்தது. மற்றதெல்லாம் பீப்பாவுக்குள்ள போச்சு, இதைப் போட எனக்குக் கை வரேல்ல. சைக்கிளில கட்டி வீட்டை கொண்டு போய்க் குசினிக்குப் பின்னால நட்டனான். என்ட மனிசி சீலா பாத்திட்டு, "எரிக்க வேண்டியதை ஏன் கொண்டு வந்தனீங்கள்? எரிச்சுப் போடுங்கோ" எண்டவள். அவள் சொன்னது ஒரே ஒருதரம்தான். நான் வாளியில தண்ணி அள்ளி வந்து கன்றுக்கு ஊத்தினன்.

அறுபதாம் ஆண்டு தை மாசம் அந்தத் தோடையின்ட இலையில சொறி கண்டுது. தடிச்ச தவிட்டு நிறப் புள்ளி, சுத்தி மஞ்சள் வளையம். எனக்குத் தெரியும் அது என்னெண்டு, புத்தகத்தில படம் பாத்திருக்கிறன். இந்தத் தீவின்ட இந்தப் பக்கம் அதுவரைக்கும் அது இல்லை. நீங்கள் சிரிப்பியள், மிஸ், நான் ஒரு இலையைப் பிடுங்கி, காயவச்சு, அடுத்த இலக்கமான இருநூற்றிப் பதினாலைப் போட்டு, தை பத்தொன்பது எண்டு திகதியும் எழுதி வச்சனான். பழக்கம். ஒரு நோயைக் கண்டிட்டுப் பதியாமல் இருக்க என்னால ஏலாது. மற்ற மூண்டு வரியையும் மட்டும் வெறுமையா விட்டிட்டன்.

அபூதாஹிர் நானாவைப் பற்றிச் சொல்ல வேணும். கிண்ணியாவில அவருக்கு நூற்றறுபது தேசி மரம், புத்தகத்தில எலுமிச்சை எண்டு எழுதுறது. துறைமுகத்துக்கும் பட்டினச் சந்தைக்கும் அவர்ட தேசிக்காய்தான். மாசத்துக்கு ரெண்டுதரம் பாதையேறி இங்கால வருவார். அந்த நாளில கிண்ணியாத் துறையைக் கடக்கிற மிதவையைப் பாதை எண்டுதான் சொல்லுறது. வந்தால் இந்தக் கதிரையில இருந்து பழைய உறைகளை வாங்கிப் பாப்பார். "நிக்கலஸ், உங்கட எழுத்து அச்சுப் பதிச்ச மாதிரி இருக்கு" எண்டுவார். எனக்குக் கூடப்பிறந்தது ஒண்டும் இல்லை. கூடப்பிறந்தது இருந்திருந்தால் அவரைப் போலத்தான் இருந்திருக்கும் எண்டு நான் நினைக்கிறனான்.

மாசியில அவர் என்ட வீட்டுக்கு வந்தார். தோடையைப் பாத்திட்டு, "இப்பிடிக் காடு மாதிரி விட்டால் காய்க்குமா?" எண்டு பகிடி பண்ணி, இடுப்பில இருந்த தன்ட கத்தியை எடுத்துக் கொப்புகளை வெட்டத் தொடங்கினார். சொறியைக் கண்டிட்டு, இதென்ன எண்டு கேட்டார்.

"சூடு, நானா. வெயிலுக்கு வாறது."

கத்தியைச் சாரத்தில துடைச்சு இடுப்பில செருகினார். அந்தக் கத்தியாலதான் அடுத்த நாள் தன்ட தோட்டத்தில கொப்பு வெட்டுவார் எண்டு எனக்குத் தெரியும். கழுவச் சொன்னால் ஏன் எண்டு கேப்பார். பிறகு மரம் எங்கால வந்தது எண்டு கேப்பார். நான் தேத்தண்ணி ஊத்திக் குடுத்தன்.

ஆனி மாசம் அவர் பேப்பரில சுத்தின, காஞ்சுபோன ஒரு தேசி இலையோட வந்தார். "உங்கட தோடையில இருந்த சூடு எனக்கும் வந்திட்டுது போல" எண்டு சிரிச்சார். மறைக்க நினைச்ச ஆள் அப்பிடித் தானாக் கொண்டு வருவாரா? நான் இலையை வாங்கிக்கொண்டு அவரை அனுப்பிப்போட்டன். உள்ளறையில எங்கட ஒபிசர் யோகலிங்கம் இருந்தார். அவர் வெளியில வந்து இலையைக் காணுறதுக்கு ஒரு பத்து நிமிசம் இருந்திருக்கும். இருநூற்றிப் பதினாலில இருந்த தோடை இலையை எடுத்துப்போட்டு நானாவின்ட தேசி இலையை வச்சன். இலக்கம் போட்ட உறையை எறியவும் ஏலாது, வெறுமையா விட்டால் ஒருநாள் பிடிபடும்; அந்த வெறும் வரி மூண்டையும் நிரப்பினன். பயிர், தேசி. இடம், கிண்ணியா. கொண்டு வந்தவர், அபூதாஹிர். திகதி அதே தை பத்தொன்பதுதான்.

யோகலிங்கம் கேட்டார், தையில வந்த இலையை ஏன் எனக்குக் காட்டேல்ல எண்டு. காய் முடியும்வரைக்கும் பொறுக்கச் சொல்லி அந்த மனிசன் கெஞ்சினது, நானும் இரங்கிப்போனன் எண்டு சொன்னன். எனக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் தந்தவர். அது என்ட கோவையில இருக்கு, பாக்கலாம்.

நோயை அஞ்சு மாசம் மறைச்சதெண்டு நானாவைக் கூப்பிட்டு விசாரிச்சினம். நானும் பக்கத்தில நிண்டனான். அவர் உறையை வாங்கி ஆறுதலாப் பாத்தார். பிறகு என்னைப் பாத்தார். தோடை மரத்தைப் பற்றிச் சொல்லப்போறார் எண்டு நினைச்சன். அவர் சொன்னது இதுதான்: "நிக்கலஸ் பிழையா எழுதமாட்டார். எனக்குத்தான் மறந்துபோச்சு போல."

நூற்றறுபது மரத்தையும் பக்கத்து நாலு தோட்டத்தையும் வேரோட பிடுங்கி எரிச்சினம். பச்சைத் தேசி எரியிற மணம் மூண்டு நாள் கிண்ணியாவில நிண்டுது. பாதையில அவர் ஏறினால் ஆக்கள் எழும்பித் தள்ளி நிண்டினம், அவர்ட சாரத்தில நோய் ஒட்டியிருக்கு எண்டு.

அதுக்குப் பிறகும் அவர் இங்க வந்தவர். இந்தக் கதிரையில இருந்து, "அண்டைக்கு நான் வந்தது எனக்கு ஞாபகமே வருகுதில்லை, நிக்கலஸ்" எண்டு திரும்பத் திரும்பச் சொல்லுவார். தலையைப் பிடிச்சுக்கொண்டு இருப்பார். பாக்கச் சகிக்கேல்ல. அந்த மனிசனுக்கு ஒரு ஆறுதல் வேணும்தானே. நான் உதவி செய்தன். "அண்டைக்கு மழை, நானா. தொப்பியைக் கழட்டி வாசலில பிழிஞ்சனீங்கள்" எண்டன். அடுத்தமுறை, "பேப்பர் நனைஞ்சிருந்தது" எண்டன். கொஞ்சம் கொஞ்சமா அவருக்கு ஞாபகம் வந்துது. ஆறு மாசத்தில அவரே எனக்குச் சொல்லத் தொடங்கினார், "ஓம், மழைதான், படி வழுக்கினது" எண்டு. படியை நான் சொல்லவே இல்லை.

ஞாபகம் வந்த பிறகு அவர் எரிஞ்ச தோட்டக்காரர் நாலு பேர்ட வீட்டுக்கும் போய், மறைச்சது உண்மைதான், பொறுத்துக்கொள்ளுங்கோ எண்டு கேட்டார். ஒருத்தர் கதவு திறக்கேல்ல. பிறகு படுக்கையில விழுந்திட்டார். நான் ஞாயிறு பூசை முடிஞ்சு ஒவ்வொரு கிழமையும் போய்ப் பாத்தனான். என்ட தோடை அப்ப நல்லாக் காய்க்கிறது. சாறு பிழிஞ்சு போத்தலில கொண்டுபோய் நானே பருக்கிவிட்டன். நல்ல இனிப்பு எண்டு சொல்லிக் குடிச்சவர். அறுபத்திநாலில மௌத்தாகிட்டார். நான் அழுத மாதிரி அவர்ட சொந்தக்காரர்கூட அழேல்ல. இண்டைக்கும் அவரை நினைச்சால் எனக்குச் சோறு இறங்குதில்லை, மிஸ்.

அவர்ட மகள் ஸல்ஹா வருசாவருசம் வாறவ. அந்தத் தை பத்தொன்பதில வாப்பா மூதூரில மாமி வீட்டுக் கலியாணத்தில நிண்டவர் எண்டு சொல்லுறா. போன மாசம் அந்தக் கலியாணக் கார்டையும் தேடிக் கொண்டு வந்தா. திகதி சரிதான். மழையும் இல்லை அண்டைக்கு. "மாமா, வாப்பா செய்யாத பிழைக்கு மன்னிப்புக் கேட்டு மௌத்தானவர், அந்தப் பெயரை எடுத்துவிடுங்கோ" எண்டு அழுதா. அந்த உறையைக் கறையான் திண்டிட்டுது எண்டு சொல்லி அனுப்பினன். நாளைக்கு உங்களிட்ட வருவா.

ஓம், எழுதினது நான்தான். நோயைக் கொண்டு வந்ததும் நான்தான். அவர்ட தலைக்குள்ள எழுதினதும் நான்தான். உங்கட சரித்திரத்தில இதையெல்லாம் போடுங்கோ, நான் கையெழுத்து வைக்கிறன். ஆனால் அந்த உறையில மட்டும் கை வைக்காதையுங்கோ. இந்த அறையில ஆர் ஆர்ட பெயரெல்லாமோ கிடக்கு, நானாவின்ட பெயர் இருக்கிறது அந்த ஒரு உறையிலதான். அதையும் வெட்டிவிட்டால் அப்பிடி ஒரு மனிசன் இருந்ததுக்கே எழுத்தில்லாமல் போயிடும். அவருக்கு அந்த அநியாயத்தைச் செய்ய எனக்கு மனம் வருகுதில்லை.