நாலு புள்ளி இரண்டு

எனக்குப் புதுச் செருப்பு ஆகாது, மேடம். முதல் வாரம் கடிக்கும், அடுத்த வாரம் கடித்த இடத்தைத் தடவிக்கொண்டிருக்க வேண்டும். நான் முரடன் இல்லை, பழகினதோடு இருந்துவிட நினைக்கிறவன் என்பது உங்களுக்குப் புரியத்தான் இதைச் சொல்கிறேன்.

என் வேலை என்னவென்று சொன்னதும் உங்கள் ஸ்டேஷன் ரைட்டர் "பார்சல் சர்வீஸா?" என்று கேட்டார். கிட்டத்தட்ட அதுதான். பகலில் ஒரு டைல்ஸ் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறேன். வீட்டுக்கு வந்தால் இன்னொரு வேலை, சம்பளம் கிடையாது. யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம் என்று கம்ப்யூட்டருக்கு ஒரு ஆப்பரேட்டிங் சிஸ்டம் இருக்கிறது. அதில் ஓட வேண்டிய புரோகிராம்களை வெளியாட்கள் எழுதுகிறார்கள். எழுதினது அப்படியே நம்மிடம் ஓடாது. கடையில் வாங்கின சட்டை மாதிரி தோளில் பிடிக்கும், கையில் தொங்கும். அதைப் பிரித்து, வெட்டி, ஒட்டுப் போட்டு, ஓட்டிப் பார்த்து, பொட்டலம் கட்டி வைக்கிறவன் நான். ஒழுங்காக ஓடினால் என்னை ஒருவருக்கும் தெரியாது. ஓடவில்லை என்றால் என் பிறப்பு வரைக்கும் விசாரிப்பார்கள்.

என் பொறுப்பில் இருந்தது பெயர் ஸ்டிக்கர் அடிக்கிற ஒரு சின்ன புரோகிராம். மருந்துக் கடை, பரிசோதனைக் கூடம், நூலகம் எல்லாம் அதை வைத்துத்தான் ஸ்டிக்கர் அடித்தார்கள். எங்கள் ஊர்ப் பெரிய ஆஸ்பத்திரியில் நோயாளியின் கையில் ஒட்டுகிற ஸ்டிக்கர்கூட அதுதான். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் எனக்குக் கொஞ்சம் நெஞ்சு நிமிரும்.

அதை எழுதினவனைத் தவளை என்பார்கள். இணையத்தில் தன் முகத்துக்குப் பதில் ஒரு பச்சைத் தவளையின் படத்தை வைத்திருப்பான். கெட்டிக்காரன், அதில் சந்தேகமில்லை. ஆனால் கை சும்மா இருக்காது. திங்கட்கிழமை ஒரு வெர்ஷன் விடுவான், அந்த வாரமே இன்னொன்று. ஒருமுறை எல்லாக் கட்டளைகளின் பெயரையும் மாற்றிவிட்டான், பழைய பெயர்கள் பார்க்க அழகாக இல்லையாம். அவன் மாற்ற மாற்ற, நான் போட்ட ஒட்டெல்லாம் பிய்ந்துபோகும். திரும்ப முதலிலிருந்து உட்கார வேண்டும். மைத்துனி கல்யாணத்தில் எல்லோரும் பந்தியில் இருக்க, நான் மண்டபத்து ஸ்டோர் ரூமில் பாத்திரங்களுக்கு நடுவில் லேப்டாப்போடு இருந்தேன். என் மனைவி கதவருகே வந்து நின்று சொன்னாள்: "அவன் தும்மினா நீங்க மூக்கத் துடைக்கிறீங்க. எனக்கு ஒரு புருஷன் இருக்கான்னு நானும் ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியறேன்."

அவள் சொன்னது நியாயம்தான்.

நாலு புள்ளி இரண்டு என்கிற வெர்ஷன் வந்தபோது எல்லாம் சரியாக அமைந்தது. அச்சு நேராக விழுந்தது. யாரும் திட்டவில்லை. அந்தச் சமயம் பார்த்துத் தவளை எங்கள் ஊருக்கே குடிவந்துவிட்டான். வாடகை குறைவாம். மரியாதைக்கு வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டேன். ஒல்லியான பையன், பேச்சில் பணிவு. என்னை அண்ணே என்றான், மனைவியை அண்ணி என்றான். இரண்டாவது முறை சோறு போட்டுக்கொண்டே சொன்னான்:

"அஞ்சாவது வெர்ஷன் ஆரம்பிச்சுட்டேன் அண்ணே. பழசு ஒரு வரி மிச்சமில்லாம எல்லாத்தயும் முதல்லேர்ந்து எழுதப்போறேன்."

எனக்குக் கோபம் வரவில்லை, மேடம். மோர் ஊற்றினேன். சாப்பிட்டு முடித்ததும், மாடி அறையிலிருந்து பார்த்தால் ஊரே தெரியும் என்றேன். உள்ளே போய் ஜன்னலருகே நின்றான். நான் கதவைச் சாத்தினேன். தாழ்ப்பாள் வெளிப்பக்கம் இருந்தது. வீடு கட்டின மேஸ்திரி தெரியாமல் அப்படி வைத்துவிட்டார். மாற்ற வேண்டும் என்று நெடுநாளாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

முதலில் தட்டினான். பிறகு கத்தினான். அப்புறம், படித்த பையன் அல்லவா, முறையாகப் புகார் கொடுக்கத் தொடங்கினான். குழாய் சொட்டுகிறது என்றான், வாஷர் மாற்றினேன். தலையணை கல்லாக இருக்கிறது என்றான், இலவம்பஞ்சில் வாங்கி வந்தேன். கொசு வருகிறது என்றான், ஜன்னலுக்கு வலை அடித்தேன். கதவு திறக்கவில்லை என்றான். அது கோளாறு இல்லை, அப்படித்தான் இருக்க வேண்டும் என்று விளக்கினேன். புரோகிராமில் குறை சொன்ன எத்தனையோ பேருக்கு அவன் இதே பதிலை எழுதியிருக்கிறான்.

அவன் அம்மாவோடு பேச வாராவாரம் போன் கொடுத்தேன். "என்னயப் பூட்டி வச்சிருக்காங்கம்மா" என்று அழுதான். "அங்கயாவது நேரத்துக்குச் சாப்பிடறியாடா?" என்றார் அந்த அம்மா. சாப்பிட்டான். கன்னத்தில் சதை வைத்தது.

மனைவி முதலில் பயந்தாள். "யாரு பெத்த புள்ளயோ, விட்டுடுங்க" என்றாள். அடுத்த மாதம் அவளே தட்டு எடுத்துப் போனாள். என்ன மாறியது என்றால், நான் மாறினேன். வேலை முடிந்து வந்தால் அவளோடு உட்கார்ந்து பேசினேன். நடக்கப் போனோம். ஒருநாள் அவள் என் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டே, "இப்பத்தான் மனுஷனா இருக்கீங்க" என்றாள். கல்யாணமான புதிதில்கூட அப்படிப் பேசினதில்லை. மாடியில் தட்டுகிற சத்தம் கேட்டபோது எழுந்து போய் ரேடியோவைப் போட்டவளும் அவள்தான். அவளை இதில் சேர்க்க வேண்டாம். சும்மா சொன்னேன்.

இணையத்திலும் நல்ல பெயர். தவளை ஓய்வில் இருக்கிறான் என்று அவன் சார்பில் ஒரு வரி போட்டிருந்தேன். இவ்வளவு நிலையான புரோகிராமைப் பார்த்ததில்லை என்று முன்பின் தெரியாதவர்கள் எழுதினார்கள். என்னைப் போலவே பொட்டலம் கட்டுகிற ஒருவர், தன் புரோகிராமை எழுதுகிறவன் தினமும் உயிரை எடுக்கிறான், நீங்கள் எப்படிச் சமாளித்தீர்கள் என்று கேட்டார். நேரில் கூப்பிட்டுப் பேசினேன், கேட்டுக்கொண்டான் என்று பதில் போட்டேன்.

தவளை மட்டும் ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தான். அடைத்த மறுநாளே ஆரம்பித்துவிட்டான். "அண்ணே, நாலு புள்ளி ரெண்டுல ஒரு தப்பு இருக்கு. பேரு ரொம்ப நீளமா இருந்தா, அடுத்த ஆளோட பேரு இந்த ஸ்டிக்கர்ல விழுந்துடும், இந்தாளு பேரு அங்க போயிடும். அதுக்குத்தான் புதுசா எழுதறேன்னேன். லேப்டாப்பக் குடுங்க, ஒரே ஒரு வரி. மாத்திட்டு நானே உள்ள வந்து உக்காந்துக்கறேன்."

இது லேப்டாப்பை வாங்க அவன் போடும் நாடகம் என்று எடுத்துக்கொண்டேன்.

பிறகுதான் என் மாமனார் கண் பரிசோதனைக்குப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார். கண்ணில் சொட்டு விட்டுப் படுக்க வைத்தார்கள். கண்ணை மூடிக்கொண்டு கிடந்தவரை இரண்டு பேர் தள்ளிக்கொண்டு போய்க் குடல்வாலை எடுத்துவிட்டார்கள். அவர் கையில் வேறொருவர் பெயர் ஒட்டியிருந்தது. இவர் பெயர் ஒட்டியிருந்த இன்னொருவர், வயிற்றைப் பிடித்துக்கொண்டு துடிதுடிக்க, எழுத்துகளைப் படிக்கச் சொல்லிக் கண்ணாடி எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அவர் குடல்வால் வீட்டில் வெடித்து, திரும்பத் தூக்கி வந்து, பதினைந்து நாள் இழுத்துக்கொண்டு கிடந்தார். பிழைத்துவிட்டார். கண்ணாடி அவருக்குப் பொருந்தியிருக்கிறதாம்.

மனைவி ஆஸ்பத்திரியிலிருந்து வந்து கூடத்தில் உட்கார்ந்து அழுதாள். அவள் அழுது நான் பார்த்ததில்லை. மாடியிலிருந்து தவளை குரல் கொடுத்தான்.

"அண்ணி, என்னாச்சு?"

சொன்னாள்.

"உங்க அப்பா பேரு நீளமா அண்ணி?"

நீளம்தான். பாட்டன், அப்பன், வீட்டுப் பெயர் எல்லாம் சேர்த்து எழுதுவார், எந்தப் படிவத்திலும் கட்டத்துக்கு வெளியேதான் முடியும்.

"அண்ணன்கிட்ட வந்த மறுநாளே சொன்னேனே அண்ணி" என்றான் தவளை.

அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. மாடி ஏறினாள், தாழ்ப்பாளை இழுத்தாள். அவன் கையைப் பிடித்துக் கீழே கூட்டிவந்தாள். செருப்புகூடப் போடாமல் இரண்டு பேரும் உங்கள் ஸ்டேஷனுக்கு நடந்து வந்தார்கள். நான் தடுக்கவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஒரு இடத்தில் மட்டும் திருத்தம் வேண்டும், மேடம். நாடகம் என்று எடுத்துக்கொண்டேன் என்றேன் அல்லவா, அது அவ்வளவு சரியில்லை. என் வேலையில், யார் என்ன புகார் சொன்னாலும் சோதித்துப் பார்க்காமல் விடமாட்டேன். அவன் சொன்ன அன்று மாலையே உட்கார்ந்தேன். நீளமான பெயர் ஒன்று வேண்டியிருந்தது. எனக்குத் தெரிந்ததில் மாமனாருடையதைவிட நீளமானது இல்லை. அதைத்தான் அடித்தேன். இரண்டு ஸ்டிக்கர் வந்தது, அவன் சொன்னபடியே இடம் மாறி.

ஒரே வரி வேலைதான், எனக்கே தெரியும். ஆனால் மாற்றினால் அது நாலு புள்ளி மூன்று ஆகிவிடும், மேடம்.